கீரமங்கலத்துக்காரர் வாயிலிருந்த மேல் செட்

1. முன்பின் பார்த்திராத வாய்

எங்கள் டாக்டர் வேலை நேரத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மெக்கானிக்" என்பார், அவ்வளவுதான். அன்றைக்கு, "சுப்பையா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார். கையிலிருந்த மெழுகுக் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் போனேன்.

நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். மேல் வரிசையில் ஒரு பல்கூட இல்லை. டாக்டர் கையில் ஒரு மேல் பல் செட். அதன் பின் விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அங்கே மயிரிழை கனத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. நான் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு செட்டிலும் சின்ன அரத்தால் இழுத்துவிடும் கோடுகள்.

"இது நம்ம செட்டுதானே?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப இவரு யாரு?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை. புதுக்கோட்டையில் அப்போது எங்களுடையது சின்ன கிளினிக். டாக்டர், நான், கம்பவுண்டர் அருளானந்தம், மூன்றே பேர். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. டாக்டர் வாயில் அளவு எடுப்பார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையின் மாடல் எடுப்பது நான். மெழுகில் பல்லை அடுக்கி ட்ரையல் பார்க்கும்போதும், பிறகு ஈறு மாதிரி ரப்பரை அழுத்தி வல்கனைசர் என்கிற நீராவிக் கொப்பரையில் வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுக்கும்போதும் நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு முகத்தை மறந்தாலும் நான் செட் செய்த வாயை மறக்க மாட்டேன். இந்த வாயை நான் பார்த்ததே இல்லை.

செட்டை வாங்கிப் பார்த்தேன். அண்ணத்தில் ஒட்டும் பக்கம் தேன்மெழுகு அப்பியிருந்தது. ஓரங்களை யாரோ கருங்கல்லில் தேய்த்துக் குறைத்திருந்தார்கள். அப்படியும் பொருந்தாமல் அந்த மனிதரின் ஈறு இரண்டு இடத்தில் புண்ணாகிக் கிடந்தது.

"எங்கங்க வாங்குனீங்க?" என்றார் டாக்டர்.

அவர் டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அன்னவாசல் சந்தையில ஒரு ஆளு குடுத்தானுங்க" என்றார்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. சந்தைகளில் துணியை விரித்து, குறடும் பல்லுமாக உட்கார்ந்திருப்பவர்கள் அப்போது உண்டு. பல் வைத்தியத்துக்கென்று சட்டம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பதிவு இல்லாதவர்களுக்குக் கிளினிக்கிலிருந்து செட் போகிறது என்று யாராவது எழுதிப்போட்டால் டாக்டரின் பதிவுக்கே ஆபத்து. அவர் புண்ணுக்கு மருந்து தடவினார். செட்டை ஒரு வாரம் போடாமல் வைத்திருந்து திரும்ப வரச் சொன்னார். அந்த மனிதர் செட்டைத் துண்டில் முடிந்துகொண்டு, ஓடாத குறையாக வெளியே போனார். திரும்ப வரவே இல்லை.

2. ஒரே ஒரு வார்த்தை

அன்று மாலை டாக்டர் என்னை உட்காரவைத்து, "இந்த ஒர்க் ரூம்லேருந்து எனக்குத் தெரியாம செட் வெளிய போகுதா?" என்று கேட்டார்.

"போகலைங்க ஐயா."

"உங்க கோடு இருக்கே."

நான் வெளியே எதையும் கொடுக்கவில்லை. ஆனால் வெளியே போன செட்டில் என் அடையாளம் இருந்தது. செட்டைத் திரும்பத் திரும்ப மனத்தில் பார்த்தேன். பல் அடுக்கிய விதம் என்னுடையதுதான். முன்பற்களில் ஒன்றை மட்டும் துளி சாய்த்து வைப்பேன், இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று. அதுவும் இருந்தது. யாரும் வாங்க வராமல் ஒர்க் ரூமில் கிடந்த பழைய செட்டுகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாலு நாள் டாக்டர் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது என் சாப்பாட்டுப் பையைப் பார்ப்பார். பையை வேண்டுமென்றே விரியத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டுவேன். பீங்கான் பற்கள் அட்டையில் வரிசையாக ஒட்டி, பெட்டியில் வரும். அந்தப் பெட்டிகளை அவரே எண்ணத் தொடங்கினார்.

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. அது நம் மேல் உட்கார்ந்தால், அதைத் தூக்கி இன்னொருவர் மேல் வைக்கும்வரை நமக்கு மூச்சு வராது. நான் அருளானந்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அவருக்கு ஆவூர். பழைய மாதாகோயில் ஊர். சனிக்கிழமை மாலை சைக்கிளில் போனால் திங்கட்கிழமை காலை வருவார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். நோயாளிகளின் பேரை ரிஜிஸ்டரில் எழுதுவது, மருந்து கலப்பது, கருவிகளை வெந்நீரில் போட்டு எடுப்பது அவர் வேலை. சில சனிக்கிழமைகளில் அவர் சைக்கிள் கேரியரில் காகிதப் பொட்டலம் ஒன்று இருக்கும். ஒருமுறை பொட்டலத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் சிந்தியிருந்ததைப் பார்த்தேன். பிளாஸ்டர். எனக்கு அது போதுமாக இருந்தது. அவரிடம் போய், "என்னங்க பொட்டலம்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டர் மறுபடியும் பேச்சை எடுத்தபோது சொன்னேன்: "ஐயா, ஒர்க் ரூம் சாவி எங்கிட்ட மட்டும் இல்லைங்களே."

அவ்வளவுதான் சொன்னேன். பேர்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அருளானந்தத்தை டாக்டர் உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. பேச்சு கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் அருளானந்தம் வெளியே வந்தார். கையைக் கழுவினார். துணியில் துடைத்தார். சாவிக்கொத்தை என் மேஜையில், என் முன்னால் வைத்தார்.

"நான் எடுத்தேன்னு அவுக சொல்லலை. நான் எடுக்கலைன்னும் அவுகளால சொல்ல முடியலை. அப்பறம் இங்கிட்டு எனக்கு என்னங்க வேலை? நான் வாரேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வருத்தம் வந்ததா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன். முதலில் வந்தது நிம்மதிதான்.

3. ரிஜிஸ்டரில் ஒரு வரி

அவர் போனபின் ரிஜிஸ்டர் எழுதும் வேலை என்மேல் விழுந்தது. எப்படி எழுதுவது என்று பார்க்கப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அந்த மனிதர் வந்த நாளின் பக்கத்தில், அச்சடித்ததுபோன்ற அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது:

"பெருமாள். ஊர் கீரமங்கலம் பக்கம். பெயர் சொல்ல யோசித்தார்."

அதைத் திரும்பவும் படித்தேன். அந்த ஆளோடு சேர்ந்து களவு செய்கிறவன் இப்படி ஒரு குறிப்பை எழுதிவைப்பானா?

அடுத்தது இன்னும் சங்கடமாக இருந்தது. கீரமங்கலம் எங்கள் ஊருக்குக் கிழக்கே. அன்னவாசல் மேற்கே. கீரமங்கலத்துக்காரர் அன்னவாசல் சந்தைக்குப் போக வேண்டுமானால் புதுக்கோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். பல் டாக்டர் இருக்கிற ஊரைத் தாண்டி, சந்தையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவனிடம் ஒருத்தர் ஏன் போகிறார்? அந்தப் பதிலே பொய்யாக இருந்தால்? செட் அவர் ஊர்ப்பக்கத்திலேயே யாருக்கோ நான் செய்ததாக இருக்கலாம்.

கொல்லைப்பக்கச் சாய்ப்பில் பழைய மாடல்களைப் போட்டுவைப்போம். ஒவ்வொன்றின் அடியிலும் பேரும் ஊரும் பென்சிலில் எழுதியிருக்கும். ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கீரமங்கலம், அதைச் சுற்றிய ஊர்கள் என்று மூன்று மேல்தாடை மாடல்கள் கிடைத்தன. எங்கள் வேலையில் ஏமாற்ற முடியாத சாட்சி மாடல்தான். ஒரு செட் எந்த மாடலின்மேல் செய்யப்பட்டதோ அதில் மட்டும் சப்பென்று உட்காரும். வேறு எதில் வைத்தாலும் ஆடும். அந்த ஆளைக் கண்டுபிடித்து, செட்டை வாங்கி இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டாக்டரிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்றார். நம்பித்தான் அனுப்பினாரா, நான் எங்கே போகிறேன் என்று பார்க்க அனுப்பினாரா, எனக்குத் தெரியாது.

4. பஸ்ஸில் நடந்தது

மூன்று மாடல்களையும் துணிப்பையில் போட்டு, ஆலங்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் பை சரிந்து ஒரு மாடல் உருண்டு முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. அங்கே பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பஸ்ஸே நின்றது.

"ஆத்தாடி! மனுசன் தாடையில்ல கெடக்கு!"

கண்டக்டர் என் பையைப் பிடுங்கினார். உள்ளே இன்னும் இரண்டு. பல்லில்லாத வெள்ளைத் தாடைகள்.

"எந்தச் சுடுகாட்டுலய்யா எடுத்தே?"

"எலும்பு இல்லைங்க. பிளாஸ்டர். நான் பல் செட் செய்யிற மெக்கானிக்."

அதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. பின்னாலிருந்து ஒருவர், "பாத்தீகளா, நான் சொல்லலை? செத்தவுக பல்லைப் பிடுங்கித்தான் இவங்க செட்டு கட்டுறாக" என்றார். பலர் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் அப்படி நம்பியவர்கள் ஏராளம். கிளினிக் வாசல்வரை வந்துவிட்டு, "யாரு பல்லுங்க இது?" என்று கேட்டுத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேனாக்கத்தியை எடுத்து எல்லோரும் பார்க்க ஒரு மாடலின் அடிப்பாகத்தைச் சுரண்டினேன். வெள்ளைத் தூள் கொட்டியது. கண்டக்டர் அதை விரலில் தொட்டு முகர்ந்தார். "சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கு" என்றார். பஸ் கிளம்பியது. ஆனால் கீரமங்கலம் போய்ச் சேரும்வரை என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை.

5. அண்ணன் பல்

மாடல்களில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக விசாரித்தேன். முதலாமவர் வீட்டில் இருந்தார். தன் செட்டை வாயிலேயே வைத்திருந்தார், கறி தின்ன முடிகிறது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். இரண்டாமவரும் அப்படித்தான். மூன்றாவது பேர் கருப்பையா. டீக்கடையில் கேட்டேன்.

"கருப்பையாவா? அவரு செத்து ஆறு மாசமாச்சே. தம்பி ராமையா இருக்காக, வேணும்னா போய்ப் பாருங்க."

இங்கே சொல்லும் பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன். எனக்குக் கருப்பையா உடனே ஞாபகத்துக்கு வந்தார். செட் மாட்டிய புதிதில் 'ச' சொன்னால் விசில் வருகிறது என்று மூன்று தரம் வந்தவர். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிப் பழகியவர். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், காய்ந்தால் கெட்டுப்போகும் என்று நான் சொன்னதை நாலு தரம் திருப்பிக் கேட்டுக்கொண்டு போனவர்.

கடலைக் காட்டை ஒட்டி வீடு. வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். அதே மனிதர். பெருமாள் இல்லை, ராமையா. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, "நீங்க யாரு? எனக்கு ஒங்களைத் தெரியாதே" என்றார்.

நான் கருப்பையாவின் மாடலை வெளியே எடுத்தேன். அதன் அடியில் இருந்த பேரை அவரால் படிக்க முடிந்ததோ என்னவோ, வீட்டுக்குள்ளிருந்து வந்த ஒரு பெண்மணி அதையே பார்த்தபடி நின்றுவிட்டார். கருப்பையாவின் மனைவி செல்லம்மா.

"அது அவுக வாயிதானே?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"அந்தச் செட்டை எடுத்துட்டு வாங்க தம்பி" என்று கொழுந்தனிடம் சொன்னார். "ஒளிச்சு என்ன ஆகப்போகுது?"

ராமையா எடுத்து வந்தார். நான் தேன்மெழுகைச் சுரண்டிவிட்டு மாடலின்மேல் வைத்தேன். கல்லில் தேய்த்த ஓரங்கள் தவிர மற்ற இடமெல்லாம் சப்பென்று உட்கார்ந்தது.

ராமையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அண்ணனைப் போலவே ஈறு கெட்டு நாற்பத்தைந்திலேயே பற்கள் போய்விட்டன. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பொக்கை வாயோடு சம்பந்தி வீட்டார் முன்னால் உட்காரக் கூச்சம். அண்ணன் செட்டு மதினியிடம் இருந்தது.

"அவுக வாயில மூணு மாசங்கூட இருக்கலைங்க. அவுகளோட சேத்து எரிக்க மனசு வரலை. அதான் குடுத்தேன்" என்றார் செல்லம்மா.

"வந்தவுகளை 'வாங்க'ன்னு கும்பிட்டேன், செட்டு கழண்டு நாக்குல விழுந்துருச்சு" என்றார் ராமையா. "கும்பிட்ட கையை வாயில வச்சுப் பொத்திக்கிட்டேன். அன்னைக்கு ஒரு வாயி சோத்தைக்கூட மெல்லலை, அப்படியே முழுங்குனேன். பேசி முடிச்சுட்டாக. இப்ப நான் போட்டிருக்கிறது செத்தவரு பல்லுன்னு தெரிஞ்சா சம்பந்தம் நிக்குமாங்க? அதான் டாக்டருகிட்ட வாயில வந்த சந்தையைச் சொன்னேன்."

"ஒங்களுக்குன்னு ஒரு செட்டு கட்டியிருக்கலாமேங்க?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். முதல் தடவையாக.

"எவன் பல்லுன்னே தெரியாததை வாயில வக்கிறதுக்கு, எங்க அண்ணன் பல்லு தேவலைன்னு நெனச்சேன்."

நான் பல வருஷமாகப் பீங்கான் பற்களை வரிசை வரிசையாக அடுக்கியவன். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. களவைக் கண்டுபிடிக்கப் போனவன் நான். அங்கே களவே இல்லை. அப்போதுதான் அருளானந்தம் என் மேஜையில் சாவியை வைத்த சத்தம் எனக்கு உறைத்தது.

ராமையாவிடம், "எங்க டாக்டர் ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லியாகணும். வேற யாருக்கும் போகாது" என்றேன். "நீங்க வாங்க. பல்லு வர்ற பெட்டியை ஒங்க முன்னாலயே பிரிக்கிறேன். பாத்துட்டு வேணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

6. ஆவூர்

பொட்டலத்தைப் பார்த்தது உட்பட டாக்டர் முழுவதையும் கேட்டார்.

"அந்தப் பொட்டலம்?" என்றார் கடைசியில். "நீங்க அதைத்தான் பாத்தீங்களா? ஈரம் பட்டு வீணாப்போன பிளாஸ்டர் அது. மாதாகோயில்ல ஒரு சிலை உடைஞ்சிருக்கு, ஒட்டணும்னு கேட்டார். நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். அதை ஒரு தரம் எங்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். "எதனால சாவின்னு சொல்றீங்கன்னு நானும் கேக்கலை. நீங்க போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

ஆவூரில் மாதாகோயிலுக்குப் பக்கத்தில் அவரைக் கண்டேன். இறக்கை வைத்த ஒரு சம்மனசுச் சுரூபத்தின் உடைந்த விரலுக்குப் பிளாஸ்டர் பூசிக்கொண்டிருந்தார். ஈரம் பட்ட பிளாஸ்டர் சரியாக இறுகாது. பூசப் பூச உதிர்ந்தது. அவர் பொறுமையாகத் திரும்பப் பூசினார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சாவி என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "டாக்டருக்கு அப்படித் தோணாது."

"தப்பு பண்ணிட்டேங்க அண்ணே. வாங்க, போவோம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரு கேட்டது எனக்கு மனத்தாங்கல் இல்லை. மொதலாளி கேக்கத்தான் செய்வாக. எட்டு வருசமா ஒரே தண்ணிப் பானையில மோந்து குடிச்சோம். நீங்க எங்கிட்ட நேரா கேட்டிருந்தீகன்னா நான் பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டியிருப்பேன். காட்டிட்டு ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருப்போம்." பிளாஸ்டரை மறுபடி குழைத்துக்கொண்டே, "நான் வரலைங்க. கோயில் சாமியார் இங்கயே மருந்தகத்துல இருக்கச் சொல்லியிருக்காக" என்றார்.

எனக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார். இலையில் என்ன வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

ராமையா ஒரு மாதம் கழித்துப் பயந்துகொண்டே வந்தார். பெட்டியைப் பிரித்தேன். அட்டையிலிருந்த ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தட்டிப் பார்த்தார். "பீங்கான்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு மேலும் கீழும் புதிதாகக் கட்டினேன். முதல் வாரம் கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு, முருங்கைக்காய் மூன்று மாதம் கழித்து என்று சொல்லி அனுப்பினேன். மகள் கல்யாணத்தில் வாயைப் பொத்தாமல் நின்றதாகச் செல்லம்மா வந்து சொன்னார். ராமையா எங்களிடம் விட்டுப்போயிருந்த கருப்பையாவின் செட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கோடு போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு செட்டின் உள்பக்கத்திலும் போடுகிறவர் பேரையே ஊசியால் பொறித்தேன். நம் அடையாளத்தைவிட அவர்கள் அடையாளம்தான் அதில் இருக்க வேண்டும் என்று இந்த விஷயத்தில்தான் புரிந்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்வேன், சுலபமான பாடம் அது. இன்னொன்றும் சொல்வேன். கூட வேலை பார்க்கிறவர் மேல் சந்தேகம் வந்தால் அதை முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் கோபப்படட்டும். சண்டை வரட்டும். மேலே இருக்கிறவரிடம் ஜாடையாகச் சொல்லாதீர்கள். சண்டை ஆறும். ஜாடை ஆறாது.

அருளானந்தத்தை அதன்பிறகு திருவிழாக்களில் பார்த்திருக்கிறேன். நன்றாகவே பேசுவார், பிள்ளைகளை விசாரிப்பார். அறுபதுகளின் நடுவில் ஒருமுறை பார்த்தபோது வாய் நிறையப் பல் செட் போட்டிருந்தார். என் கண் முதலில் போனது அங்கேதான். கடைவாய் கொஞ்சம் உயரம், பேசும்போது லேசாகக் கடகடத்தது. அரை மணி நேர வேலை, நானே சரிசெய்துவிடுவேன்.

"எங்கங்க அண்ணே கட்டினீக?" என்றேன்.

"திருச்சியில" என்றார்.